என் மெனுவுல மட்டும் லீவு

இந்த வருஷம் ஒரே ஒரு ஞாயித்துக்கெழமயாச்சும் எனக்குன்னு எடுத்துக்கணும்னு முடிவு பண்ணேன். பெரிய ஆச ஒன்னும் இல்ல. வருஷத்துக்கு அம்பத்திரண்டு ஞாயிறு வருது. அதுல ஒன்னு. மிச்சம் அம்பத்தொன்ன நீங்களே பங்கு போட்டுக்குங்க.

எம்பேரு லோகன். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஹெண்ட்போன் கடையில வேல. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஊரு ஒடச்சிட்டு வர்ற ஸ்கிரீன மாத்துவேன். ஞாயித்துக்கெழம ஊரு வீட்டு அலமாரிய தூக்குவேன். எங்க ஃபிளாட் பி பிளாக்ல பதினேழு மாடி, லிஃப்ட் ரெண்டு. ஒன்னு ரிப்பேர்ல இருக்கும். இன்னொன்னு ரிப்பேர் ஆகலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கும். அந்த பதினேழு மாடியிலயும் யாரு வீட்டு சோபா எத்தன கிலோன்னு எனக்கு தெரியும். அவங்கள முகத்த வச்சு அடையாளம் தெரியாது. சோபாவ வச்சுதான் தெரியும்.

இந்த பொழப்புக்கு ரெண்டு பேரு காரணம். முதல் ஆளு அய்யாவு அங்கிள். ரயில்வேல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, எங்க பிளாக் கமிட்டிக்கு தலைவரு. முன்ன எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருந்துச்சு. ஒரு நாளைக்கு நானூறு குட்மார்னிங் வரும். தண்ணி வரலன்னு ஒருத்தரு காலையில போட்ட மெசேஜ் ரோசாப்பூக்கு அடியில பொதஞ்சு போயி, மறுநாளுதான் வெளிய வரும். இது சரிப்படாதுன்னு அங்கிள் ஒரு கம்யூனிட்டி சைட் தொறக்கலாம்னாரு. யாரு நடத்துறது? கம்ப்யூட்டர் படிச்ச புள்ள.

நான் கம்ப்யூட்டர் படிச்சேன், இல்லன்னு சொல்லல. ரெண்டு செமஸ்டர். மூனாவது செமஸ்டர்ல காலேஜுக்கும் எனக்கும் ஒத்து வரல, நான் பெருந்தன்மையா வெலகிக்கிட்டேன். அய்யாவு அங்கிள் கணக்குல அது இன்ஜினியர். சைட்டுக்கு அட்மின் ஆயிட்டேன்.

சொல்லக்கூடாது, நல்லாத்தான் பண்ணியிருந்தேன். ஓரத்துல மெனு. முகப்பு, அறிவிப்பு, புகார், உதவி தேவை, விக்கிறது வாங்குறது, பொறந்தநாள். ஒவ்வொன்னுக்கும் ஒரு குட்டிப் படம். புகாருக்கு மட்டும் உள்ள இன்னொரு மெனு வைக்க வேண்டியதாப் போச்சு, லிஃப்டுக்குன்னே தனியா. நான் படிச்ச ரெண்டு செமஸ்டரும் அந்த மெனுவுலயே செலவாயிடுச்சு.

ரெண்டாவது காரணம் எம்பொண்டாட்டி தாமரை. சேலக் கடையில சூப்பர்வைசர். அவளுக்கு மெனுவுல ரொம்ப புடிச்ச எடம் 'உதவி தேவை'. ஒம்பதாவது மாடி சந்திரகலா அக்கா வாஷிங் மெஷின நகத்தணும்னு போடுவாங்க. ரெண்டு நிமிஷத்துல கீழ பதில் இருக்கும்: 'லோகன் வருவாரு.' போட்டது தாமரை. நான் பக்கத்துலதான் ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருப்பேன். என்னோட ஞாயித்துக்கெழம போன செய்தி எனக்கு ஹெண்ட்போன்லதான் வரும்.

ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் தாமர, போடுறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்வீங்க."

"அதுக்குதானே கேக்குறது."

"அதனாலதான் கேக்கல."

இதுக்கு மேல பேச நான் மூனாவது செமஸ்டர் படிச்சிருக்கணும்.

இப்படி இருக்கறப்பதான் ஜீவன் கூப்டான். கூட படிச்சவன், கூடவே வெலகுனவன். டெங்கில் பக்கம் வீடு, வீட்டுக்கு பத்து நிமிஷத்துல ஒரு மீன் கொளம். வாடா மச்சான், ஒரு ஞாயிறு வந்து தூண்டில போட்டுட்டு சும்மா ஒக்காருன்னான். மீனு கூட முக்கியமில்ல எனக்கு. 'சும்மா ஒக்காரு'ன்னு ஒருத்தன் சொன்னதுக்கே கண்ணு கலங்கிடுச்சு. அந்த வாரமே ஒரு தூண்டில் வாங்குனேன். இழுத்தா ரெண்டாளு நீளம், மடிச்சா முழங்கை அளவு. காரு பின்னாடி, காடி பூட்ல, பழைய கொடைக்கு அடியில வச்சேன். அது இருக்கறது எனக்கும் கொடைக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்ப வேண்டியது ஒரு ஞாயிறு.

ஒரு நாள் மத்தியானம், கடையில கஸ்டமர் இல்லாத நேரம், சைட்டு செட்டிங்க நோண்டிக்கிட்டு இருந்தேன். அங்க ஒரு எடத்துல, எந்த மெனு யாருக்கு தெரியணும்னு கேட்டுச்சு. அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேற மெனு காட்டலாம். ஆறு மாசமா அந்த கதவு அங்கயே இருந்திருக்கு, நான் செவுருன்னு நெனச்சிருக்கேன்.

யோசிச்சுப் பாத்தேன். ஜனங்க உதவி கேக்கறது பிரச்சனயே இல்ல. கேட்டா யாராச்சும் செய்வாங்க, செய்யாமலும் போவாங்க. என் பேர எடுத்துக் குடுக்கறது ஒரே ஒரு ஆளு. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் 'உதவி தேவை' தெரியலன்னா? ரெண்டாவது மெனு ஒன்னு செஞ்சேன். எல்லாம் இருக்கும், அது மட்டும் இருக்காது. இத யாருக்கு காட்டணும்னு கேட்டுச்சு. தாமரைன்னு போட்டேன்.

அன்னிக்கு சாயந்தரமே கேட்டுட்டா.

"ஏங்க, உதவி தேவை எங்க காணோம்?"

"அப்டேட் லா. புது மெனு வருது."

"சந்திரகலா அக்காவுக்கு இருக்காம்."

"கட்டங் கட்டமா தான் வரும். எல்லாருக்கும் ஒரே நாள்ல வராது."

"ஓ."

அவ்வளவுதான் சொன்னா. நான் அங்கயே பயந்திருக்கணும். எங்க வீட்டுல 'ஓ'ன்னு சொல்லி நிறுத்துனா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. ஃபைல்ல போட்டாச்சுன்னு அர்த்தம்.

மறுநாள் வேலவிட்டு வந்தா, சார்டின் சம்பல் மணக்குது. வாரத்துக்கு நடுவுல சார்டின் சம்பல் செஞ்சா ஒன்னு விருந்தாளி வராங்க, இல்ல வேல வருது. சாப்பாடு போட்டுட்டு மெதுவா ஆரம்பிச்சா. அவ முதலாளி கிருஷ்ணம்மாள் ஆன்டி கடை கஸ்டமருக்குன்னு இதே மாதிரி ஒரு சைட் தொறக்கணுமாம், இவளத்தான் பாத்துக்க சொல்லியிருக்காங்களாம், இந்த மெனு விஷயம் மட்டும் ஒன்னும் புரியலயாம். சொல்லிக் குடுங்களேன்னா.

கல்யாணமாகி மூனு வருஷத்துல எங்கிட்ட அவ எதையும் சொல்லிக் குடுங்கன்னு கேட்டதில்ல. நான் நிமிந்து ஒக்காந்தேன். சேலைக்குள்ள மடிச்சு வைக்கிற அட்ட ஒன்னு எடுத்துட்டு வந்து, அது பின்னாடி நோட்ஸ் எடுத்தா. காலேஜ்ல நான் எடுக்காத நோட்ஸ்.

"ஒரே ஒரு கஸ்டமருக்கு மட்டும் வேற மெனு காட்டலாமா?"

"காட்டலாமே."

"அது வேற மெனுன்னு அவங்களுக்கு தெரியுமா?"

"எப்படி தெரியும்? அவங்க பாக்கறதுதான் அவங்களுக்கு மெனு."

"பேரு பழைய பேராவே இருக்கணும், அமுக்குனா வேற பக்கத்துக்கு போகணும். முடியுமா?"

"லிங்க்க மட்டும் மாத்தணும். ஒரு நிமிஷ வேல."

அட்டையில எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டா. அப்புறம் என்ன நிமிந்து பாத்து, "நீங்க நெஜமாவே கெட்டிக்காரங்கதான்"னா. நான் இன்னொரு சார்டின் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்காததையும் சேத்து சொல்லிக் குடுத்தேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். கல்யாணமான முதல் வருஷம் நான் அவ பொறந்தநாள மறந்துட்டேன். அவ திட்டல, அழுகல. வீட்டுல இருக்கற எல்லா பாஸ்வேர்டயும் அவ பொறந்தநாளா மாத்த சொல்லிட்டா. வைஃபை, ஈமெயில், ஹெண்ட்போன், எல்லாம். இனிமே மறக்க மாட்டீங்கன்னா. மறக்கல. அட்மின் பாஸ்வேர்டும் அதேதான். ஒரு மனுஷன் தன்னோட சாவிய எதிரி பேருலயே செஞ்சு வச்சிருக்கான்னா, அவன் அவ்வளவு தூரம் களச்சுப் போயிருக்கான்னு அர்த்தம்.

புதன்கெழம 'உதவி தேவை'ய தொறந்தேன். எப்பவும் பத்து பன்னெண்டு இருக்கும். அன்னிக்கு ஒரே ஒரு வரி: 'இந்த வாரம் யாருக்கும் உதவி தேவையில்லை. நிம்மதியாக இருங்கள்.'

மூனு தடவ படிச்சேன். அய்யாவு அங்கிள்தான் போட்டிருப்பாரு, நல்ல மனுஷன்னு நெனச்சேன். வியாழக்கெழம பாத்தேன், அதேதான். வெள்ளி, அதேதான். ஜீவனுக்கு மெசேஜ் அனுப்புனேன், ஞாயிறு காலையில பசியாற அங்க வந்துடுறேன்னு.

அந்த வாரம் பூரா பி பிளாக்கே எங்கிட்ட ஒரு மாதிரி பாசமா இருந்துச்சு. லிஃப்ட்ல சந்திரகலா அக்கா, பெரிய மனசு தம்பி உனக்குன்னாங்க. வாஷிங் மெஷின் தூக்குனது இப்பதான் ஒறச்சிருக்கு போலன்னு நெனச்சேன். நாலாவது மாடி சுகுமாறன், ஞாயிறு பாப்போம் பாஸ்னு தோள்ல தட்டிட்டு போனாரு. சரி, ஒரே பிளாக்ல இருக்கோம், பாக்காமயா இருக்கப் போறோம். அய்யாவு அங்கிள் கைய புடிச்சு குலுக்குனாரு, விடவே இல்ல. மெனு கலர மாத்துனது புடிச்சிருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

சனிக்கெழம சாயந்தரம் பொய்ய சொன்னேன். நாளைக்கு கடையில ஸ்டாக் எண்ணணும், விடியகாலையிலயே போகணும், வர மத்தியானம் ஆயிடும். கண்ணாடி முன்னாடி நாலு தடவ சொல்லிப் பாத்த பொய்.

"பாவங்க நீங்க"ன்னா தாமரை. "பழைய சட்டயா பாத்து போட்டுக்குங்க. அழுக்காகும்."

எவ்வளவு அக்கற பாருங்கன்னு எனக்கே குத்தமா போச்சு. திரும்பி வர்றப்ப அவளுக்கு பாசார் சந்தையில டுரியான் பழம் தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வரணும்னு கூட நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணி. பழைய சட்ட. கையில காடி சாவி. லிஃப்ட் அன்னிக்குன்னு பாத்து ஒழுங்கா வேல செஞ்சுது. கீழ கதவு தொறந்துச்சு.

நாப்பது பேரு. கையில வெளக்கமாறு, வாளி, குப்பப் பை. காலுல ரப்பர் பூட்ஸ். அய்யாவு அங்கிள் கழுத்துல ரயில்வே காலத்து விசில். என்ன பாத்ததும் கை தட்டுனாங்க. நான் யாருக்குன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி லிஃப்ட் மட்டும்தான் இருந்துச்சு.

"வந்துட்டாருல, தலைவரு"ன்னாரு அங்கிள்.

தலைவரு நீங்கதானே அங்கிள்னேன். இன்னிக்கு பிளாக்கே சேந்து கூட்டிப் பெருக்குற கோத்தோங் ரோயோங்குக்கு நீதானேப்பா தலைவரு, ஒரு வாரமா மெனுவுல மேலயே நிக்குதேன்னாரு. எனக்கு ஒன்னும் புரியல. சுகுமாறன் ஹெண்ட்போன நீட்டுனாரு. மெனுவுல முதல் வரி, ஒரு வெளக்கமாறு படத்தோட: 'ஞாயிறு கோத்தோங் ரோயோங். தலைமை: லோகன்.' அத அமுக்குனா என் அட்மின் அக்கவுண்ட்லேர்ந்து, என் போட்டோவோட, ஒரு அறிவிப்பு. 'எனக்கென்று இருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை பி பிளாக்குக்கு அர்ப்பணிக்கிறேன்.' அதுக்கு நூத்திப் பதினாறு இதயம்.

என் ஹெண்ட்போன எடுத்துப் பாத்தேன். முகப்பு, அறிவிப்பு, புகார், உதவி தேவை. வெளக்கமாறு இல்ல. எல்லாத்தயும் அமுக்கிப் பாத்தேன். எதுலயும் இல்ல. கடைசியா உதவி தேவை: நிம்மதியாக இருங்கள்.

அண்ணாந்து பாத்தேன். அஞ்சாவது மாடியில, எங்க வீட்டு பால்கனியில, தாமரை கோப்பி குடிச்சிக்கிட்டு நின்னா. கூப்டேன். மேலேர்ந்தே எடுத்தா.

"கடையில ஸ்டாக் எண்ணியாச்சா?"

"தாமர, எல்லாரு மெனுவுலயும் இது இருக்கு. என் மெனுவுல மட்டும் ஏன் இல்ல?"

"அப்டேட் லா. கட்டங் கட்டமா தான் வரும்."

அதோட விடல, சாந்தமாவே கேட்டா.

"ஏங்க, எனக்குன்னு ஒரு ஞாயிறு வேணும்னு என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்வ."

"அதுக்குதானே கேக்குறது"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

அய்யாவு அங்கிள் விசில் ஊதுனாரு. நாப்பது பேரும் என்ன பாத்தாங்க. இந்த வயசுக்கு நான் எதுலயும் தலைவரா இருந்ததில்ல, இப்ப குப்பைக்கு ஆயிட்டேன். சரி, போகட்டும்னு மனச தேத்திக்கிட்டேன். இந்த ஞாயிறு போச்சு. ஆனா தூண்டிலு பூட்ல பத்திரமா இருக்கு. அது மட்டும் இவளுக்கு தெரியாது. அடுத்த வாரம் இருக்கு, அதுக்கு அடுத்த வாரம் இருக்கு. ஒரு மனுஷனுக்கு இந்த ஒரு ரகசியம் போதும், இன்னொரு வருஷம் ஓட்டிடலாம்.

என்ன செய்யணும்னு சொல்லுங்க அங்கிள்னேன். பின்னாடி லோங்காங்ல சாக்கடத் தண்ணி அடச்சு கெடக்கு, நீ அதப் பாருப்பா, யாரு யாரு என்ன கொண்டு வரணும்னு வீட்டுல உன் மிஸஸ் அழகா லிஸ்ட் போட்டிருக்காங்கன்னு அவரு ஹெண்ட்போன எங்கிட்ட குடுத்தாரு. வாங்கி படிச்சேன்.

சந்திரகலா அக்கா: சோப்புத் தூள்.

சுகுமாறன்: தள்ளுவண்டி.

லோகன்: லோங்காங் குத்த நீளமான கம்பு. காடி பூட்ல, பழைய கொடைக்கு அடியில இருக்கு.