வாய் கொள்ளாத கடல்

குழாயின் ஒரு நுனி தொட்டிக்குள் இருந்தது, மறு நுனி அவள் வாய்க்குள் இருந்தது. லேசாக உறிஞ்சினால் போதும், அழுக்குத் தண்ணீர் தானாக வாளிக்குள் இறங்கிவிடும் என்று கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். எவ்வளவு லேசாக என்று சொல்லவில்லை. வாய் நிறையக் கடலோடு அவள் நிமிர்ந்தபோது, பல் மருத்துவமனையின் வாசலில் கன்னம் வீங்கிய ஒருவர் நின்றிருந்தார்.

துப்ப இடம் தேடி அவள் அங்குமிங்கும் பார்க்க, வந்தவர் அவளை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

"உங்களுக்கும் பல்வலியா? உப்புத் தண்ணி நல்லதுதான். நானும் காலைலேர்ந்து கொப்பளிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் கையிலிருந்து நழுவிய குழாய் வாளியை மறந்துவிட்டுத் தரையைக் கவனிக்க ஆரம்பித்திருந்தது. காத்திருப்போர் நாற்காலிகளுக்கு அடியில் தண்ணீர் பரவியது. வந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்தார். வாளியில் துப்பிவிட்டு, டாக்டர் ஊரில் இல்லை, பக்கத்துத் தெரு டாக்டரைப் பாருங்கள் என்று அவள் சொல்லி முடித்தபோது, தனக்கு வலியே குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவள் அந்த மருத்துவமனையின் வரவேற்பாளர். வேலைக்குச் சேர்ந்து புதுச் சேலையின் மடிப்புக்கூடக் கலையாத நேரத்தில், அவள் கணவன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். மாதக்கணக்கில் அவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். வேறொருவரை வைத்திருப்பார்கள், நம் நாற்காலி போயிருக்கும் என்று பயந்துகொண்டேதான் திரும்பி வந்தாள். நாற்காலி அப்படியே இருந்தது. டாக்டரம்மா ஒரு கையால் பல்லைப் பார்த்துக்கொண்டு மறுகையால் ஃபோனை எடுத்துக் காலம் தள்ளியிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவளிடம், "முதல்ல அந்த ஃபோன எடும்மா, எனக்குக் காது வலிக்குது" என்று மட்டும் சொன்னார்.

அந்த டாக்டரம்மா இப்போது மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். கிளம்பும்போது காத்திருப்போர் அறையின் மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்றார். அது கடல்நீர்த் தொட்டி. ஒரு காலத்தில் பவளமும் பாறையும் மீனுமாக நோயாளிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த தொட்டி என்று பழைய நோயாளிகள் சொல்வார்கள். டாக்டருக்கு அப்போது வேலை பாதி மிச்சமாம்.

இப்போது கண்ணாடியில் பழுப்புப் பாசி. விளிம்பெல்லாம் உப்புப் பொருக்கு. உள்ளே உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பட்டை போட்ட ஒற்றை ஆரஞ்சு மீன், சிவப்புக் கோடு போட்ட ஓர் இறால், பாறை மேல் சுருங்கிப்போன ஒரு பழுப்புக் கட்டி. மீனுக்கு அவள் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற மேலதிகாரியின் முகம் அதற்கு.

"கடைசி நோயாளி போனதும் இது முன்னாடி உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றார் டாக்டரம்மா. "எனக்கும் கவனிக்க முடியல. வந்ததும் யாருக்காவது குடுத்துடலாம்மா."

அவர் குரல் அப்படிக் கம்மியதை அவள் அதுவரை கேட்டதில்லை. அன்றே முடிவெடுத்துவிட்டாள். வாயால் சொல்ல விடாத நன்றியைக் கையால் சொல்லிவிடுவது.

தரையைத் துடைத்தபின் தொட்டியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் அது உப்புத் தண்ணீர்த் தொட்டி என்பது உறைத்தது. பரவாயில்லை, கடலின் ருசி இன்னும் நாக்கிலேயே இருந்தது. நோயாளிகள் வாய் கொப்பளிக்க வைத்திருந்த உப்புப் பொட்டலங்களைப் பிரித்துப் போட்டுக் கலக்கி, ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, மறுபடி ருசி பார்த்தாள். சரியாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. பெரியவருக்குத் தோன்றவில்லை. அவர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்.

கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். கடல் மீன் விற்கிற கடை அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். கடைக்காரர் நடுத்தர வயது, அமைதியான ஆள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்த இடத்துத் தொட்டி என்று விசாரித்தார். பல் மருத்துவமனை என்றாள். அவர் கையிலிருந்த மீன் வலையைக் கீழே வைத்தார்.

"மீன் உசுரோட இருக்கா?" என்றார் பிறகு, மெதுவாக.

"இருக்கு அண்ணா. ஆனா மூச்சு வாங்குது."

"நீங்க தண்ணி மாத்தலம்மா, சமையல் பண்ணியிருக்கீங்க."

திட்டுவார் என்று நினைத்தாள். அவரோ மளமளவென்று கடல் உப்பு மூட்டையையும், குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் மருந்தையும், உப்பின் அளவு காட்டும் கருவியையும் எடுத்து வைத்தார். கலக்கி வைத்திருந்த நல்ல கடல்நீரை இரண்டு கேன்களில் நிரப்பி, அவசரத்துக்கு இதை ஊற்றுங்கள் என்றார். விலை கேட்டதற்குக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். வாயில்லா ஜீவனுக்குத்தானே என்றார். ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, டாக்டர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று வீட்டில் ஊன்றுகோலோடு நடை பழகிக்கொண்டிருந்த கணவனிடம் அவள் கடைக்காரரின் புகழ் பாடினாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று அவனும் வியந்தான்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தைரியத்தில் அவள் ஃபில்டரைத் திறந்தாள். உள்ளேயிருந்த ஸ்பாஞ்ச் கன்னங்கரேலென்று வழுவழுத்தது. பல் மருத்துவமனையில் வேலை செய்பவள் அவள்; கிருமி என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். இடுக்கிகளையும் ஊசிகளையும் ஆவியில் வேகவைக்கும் இயந்திரத்தில் ஸ்பாஞ்சையும் வைத்து எடுத்தாள். பளிச்சென்று வந்தது. ஓரிரு நாளில் தொட்டித் தண்ணீர் பால் போல் ஆகிவிட்டது. பெரியவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியவில்லை.

ஃபோனில் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "அந்தக் கிருமிதாம்மா அழுக்கத் தின்னு தண்ணியக் காப்பாத்துது. குடும்பத்தோட வேகவச்சிட்டீங்களே."

அவள் அழுதேவிட்டாள். அவர் பதறிப்போய், தன் கடைத் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கட்டி ஆள் மூலம் அனுப்பினார். அவரே வந்து ஒரு பார்வை பார்த்தால் புண்ணியமாகப் போகும் என்று அவள் கெஞ்சினாள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. கடையை விட்டு நகர முடியாது, கேட்டதையெல்லாம் கேட்ட நேரத்தில் தருகிறேன், அங்கே மட்டும் கூப்பிடாதீர்கள் என்றார். தன்னடக்கம், பேர் வாங்கிக்கொள்ளப் பிடிக்காத மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் தெளியத் தெளிய அவள் மனமும் தெளிந்தது. பிறகு ஒரு காலை, மணலில் இறால் செத்துக் கிடந்தது.

கால், மீசை, கோடு எல்லாம் அப்படியே இருக்க, உயிர் மட்டும் இல்லை. எடுத்துப் பார்த்தாள், காகிதம் போல் கனமே இல்லை. நம்மால் இளைத்தே போயிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டாள். வாசல் பூந்தொட்டியில் புதைத்தாள். கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? செத்ததைச் சொல்லாமல், இறாலுக்குத் துணைக்கு இன்னொன்று வேண்டுமென்று சொல்லி வாங்கி வந்தாள். புதியது துள்ளிக் குதித்துப் பாறைக்குப் பின்னால் போனது. போன சுவட்டில் பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு இறால்கள் வெளியே வந்தன.

பேயறைந்தவள் போல் நின்றாள். கணவனுக்கு ஃபோன் செய்தாள்.

"நல்லாப் பாத்தியா? புதைச்சது செத்ததுதானா?"

"ஏங்க, அசையல. மூச்சு இல்ல."

"தோண்டிப் பாரு. எனக்கென்னமோ அது எந்திரிச்சு வந்துட்ட மாதிரிதான் தெரியுது."

தோண்டினாள். சடலம் இருந்த இடத்தில் இருந்தது. தொட்டிக்குள் இறால்களும் இருந்தன. வேறு வழியின்றிக் கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்து முடிக்கிற வரை ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. இறால் வளரும்போது பாம்பு போலச் சட்டை உரிக்குமாம். தண்ணீர் நன்றாக இருந்தால்தான் ஒழுங்காக உரிக்குமாம்.

"நீங்க அதோட பழைய சட்டைக்குக் காரியம் பண்ணியிருக்கீங்க" என்றார். "சந்தோஷப்படுங்கம்மா. உங்க தொட்டி பொழச்சிருச்சு."

உண்மையாகவே பிழைத்திருந்தது. பாறை மேலிருந்த பழுப்புக் கட்டி ஒரு மத்தியானம் மெல்ல அவிழ்ந்து, விரல் விரலாக நீண்டு, பச்சையும் ஊதாவுமாக அசைந்தது. கடல் சாமந்தி என்கிற, பூப்போன்ற கடல் பிராணி அது. பெரியவர் அதைச் சுற்றி வந்து, கொஞ்சம் யோசித்து, உள்ளே புகுந்து புரண்டார். மேலதிகாரி முகம் போய்க் குழந்தை முகம் வந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, டாக்டரம்மா உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது காதில் விழவில்லை.

மறுநாள் டாக்டர் வருகிறார் என்கிற நிலையில்தான் கடல் சாமந்தி காலாறக் கிளம்பியது. அது நடக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. பாறையை விட்டு நகர்ந்து நகர்ந்து பம்ப்பின் வாய்க்குப் போய் ஒட்டிக்கொண்டது. பம்ப் அதை இழுக்க, அது பம்ப்பை விடாமல் பிடிக்க, பெரியவர் நடுவில் திண்டாடினார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முதல்ல பம்ப்ப நிறுத்துங்க" என்று ஃபோனில் கத்திய கடைக்காரர், குரலைத் தாழ்த்தி, "டாக்டர் வந்துட்டாங்களா?" என்றார்.

"நாளைக்குத்தான் அண்ணா வர்றாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சற்று நேரத்தில் கடைக்காரரே வந்துவிட்டார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார். சிகிச்சை அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு தொட்டியைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொல்லி, சட்டையைத் தோள்வரை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். குழந்தையின் பிடியை விலக்குவது போல விரல் விரலாகக் கடல் சாமந்தியை விடுவித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்சி வந்து நின்றது. பேத்தி பிறந்த மகிழ்ச்சி முகமெல்லாம் வழிய, கையில் பெட்டியோடு டாக்டரம்மா உள்ளே வந்தார். ஒரு நாள் முன்பாகவே டிக்கெட் கிடைத்துவிட்டதாம்.

தொட்டியைப் பார்த்ததும் பெட்டி கையிலிருந்து தரைக்கு இறங்கியது. கண்ணாடி முன் குனிந்தார். பெரியவர் முன்னால் வந்து அவரைப் பார்த்தார். டாக்டரம்மா நிமிர்ந்து, வரவேற்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இவ்வளவு கஷ்டப்பட்ட?"

"நீங்க எனக்காக என் நாற்காலியக் காலியா வச்சிருந்தீங்களே டாக்டர்" என்றாள் அவள். "ஆனா நான் ஒண்ணுமே செய்யல. கெடுத்தது எல்லாம் நான். காப்பாத்துனது இந்த அண்ணன்தான். முன்னபின்ன தெரியாத நமக்கு, ஒரு கைம்மாறும் எதிர்பாக்காம, உப்புலேர்ந்து இறால் வரைக்கும் அள்ளிக் குடுத்தாரு. இவருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்."

கடைக்காரர் தோள்வரை தண்ணீரில் விட்ட கையை எடுக்கவும் முடியாமல், கடல் சாமந்தியை விடவும் முடியாமல், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

"முன்னபின்ன தெரியாதவரா? மாசாமாசம் வந்து இந்தத் தொட்டியச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தவரே இவர்தாம்மா. கடைவாய்ப்பல்லப் புடுங்கணும்னு சொன்னேன், நாளைக்கு வர்றேன்னு போனவரு இன்னைக்குத்தான் வந்திருக்காரு."