வலப்பக்கத்துப் பேய்

துபாயில் அல் கூஸைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம் இருந்த எங்கள் குதிரை கிளப்பில் ஒரு பேய் குடியேறியது. விசா கிடையாது, லேபர் கார்டு கிடையாது, பொறுப்பேற்க ஒரு கஃபீல் கிடையாது. நம்மில் ஒருவன் அப்படி ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், பிடித்து விமானம் ஏற்றிவிடுவார்கள். பேய்க்கு மட்டும் என்ன செல்வாக்கோ, ஒரு காலி எண்ணெய் டிரம்முக்குள் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலமானால் அதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும். லேபர் கேம்ப் பஸ்ஸில் வருவார்கள், பிக்கப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு வருவார்கள். காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் லீவு வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. காமிரா வைத்த போன் அப்போதுதான் வந்த புதிது. அதை வைத்திருந்த ஒருவர் டிரம்மைப் படம் பிடித்து, அதில் மூக்கு தெரிகிறது என்று எல்லாருக்கும் காட்டினார். துரு தெரிந்தது. கிளப் வாசலில் டீக்கடை வைத்திருந்தவன் நான். பேயால் எனக்கு ஒரு குறையும் இல்லை, டீ நன்றாக ஓடியது.

பேய் வந்த கதையைச் சொல்கிறேன்.

தேராவில் துணிக்கடை வைத்திருந்தவர் நெய்னா முகம்மது, காயல்பட்டினத்துக்காரர். அவர் மகள் ஆலியா, பத்தாம் வகுப்பு. துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண், கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். அந்தப் பெண்ணுக்காக அவர் வாங்கிய குதிரை ஹென்னா. மருதாணி நிறத்தில் அழகான பெட்டைக் குதிரை.

எங்கள் கிளப்பில் அமெரிக்காக்காரர்கள் கொண்டுவந்த ஒரு பந்தயம் நடக்கும். மைதானத்தில் மூன்று டிரம்களை முக்கோணமாக நிறுத்தி வைப்பார்கள். குதிரை பாய்ந்து வந்து முதல் டிரம்மை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மற்ற இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், பிறகு வந்த வழியே பறக்க வேண்டும். டிரம்மைத் தள்ளாமல் யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

ஹென்னா இதில் கெட்டிக்காரி. ஆனால் கொஞ்ச நாளாக முதல் டிரம்மில் மட்டும் சண்டித்தனம் செய்தது. ஒட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, பஸ் திரும்புவதுபோல அகலமாகப் போய்த் திரும்பும். மற்ற இரண்டு டிரம்களில் பம்பரம்தான்.

ஹென்னாவைப் பார்த்துக்கொண்டவர் ஜஸ்டஸ், குளச்சல் பக்கத்துக்காரர். வாராவாரம் ஜெபத்துக்குத் தவறாதவர், கறுப்புப் பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புகிறவர். இரண்டையும் ஒரே மண்டைக்குள் எப்படி வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அவர்தான் முதலாளி நெய்னா முகம்மதுவிடம் போய்ச் சொன்னார்.

"மொதலாளி, அந்த டிரம்முல என்னமோ இருக்கு. மத்த ரெண்டுக்கும் பயப்படாத மிருகம் இதப் பாத்து மட்டும் எதுக்கு வெலகணும்?"

கேள்வி நல்ல கேள்வி. பதிலைத் தேடிப் போன இடம்தான் கோளாறு. ஜஸ்டஸ் கேம்பிலிருந்து பொன்னுச்சாமியை அழைத்து வந்தார்.

பொன்னுச்சாமி ஏசி குழாய் மாட்டும் கம்பெனியில் ஹெல்ப்பராக வந்தவர். ஐம்பது டிகிரி வெயிலில் தகரத்தைத் தலையில் சுமப்பதைவிட நெற்றியில் விபூதியைச் சுமப்பது சுலபம் என்று ஒரே கோடையில் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி கொடுத்த நீலக் கவரால் உடுப்பின் மேல் ஒரு காவித் துண்டைப் போட்டார், சாமியாகிவிட்டார். கவராலைக் கழற்றவில்லை. வழியில் யாராவது செக்கிங் வந்தால் துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

சாமி பணத்தைக் கையால் தொடமாட்டார், பணம் பாவம். போன் கார்டாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அதில் அவர் மேலுலகத்துக்குப் பேசுகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். மறுநாள் அதே கார்டுகள் கேம்ப் வாசலில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். மேலுலகத்தில் லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சாமி வந்தார். முதல் டிரம்மை மோந்து பார்த்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். காலி டிரம் "டொம்" என்றது.

"உள்ள ஒருத்தன் இருக்கான்" என்றார்.

நெய்னா முகம்மதுவின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன சாமி சொல்றிய? ஜின்னா?"

"உங்களுக்கு ஜின்னு. ஜஸ்டஸுக்குப் பிசாசு. எங்களுக்குப் பேயி. ஆளு ஒண்ணுதான் பாய், பாஸ்போர்ட்டுதான் வேற வேற."

கூட்டம் தலையாட்டியது. இவ்வளவு மதநல்லிணக்கத்தை எங்கள் கேம்பில் வேறு எந்த விஷயத்திலும் நான் பார்த்ததில்லை.

சாமி ஒரு செப்புத் தகட்டை எடுத்து, ஏதோ முணுமுணுத்து, டிரம்முக்குள் வைத்துப் பிரவுன் டேப்பால் ஒட்டினார். பேயைக் கட்டியாயிற்று. இனி ஒருவரும் தொடக்கூடாது, தொட்டால் கை வெந்துபோகும். அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னார்.

"மிருக டாக்டரக் கிட்டச் சேத்துராதீங்க. ஊசி முனை பட்டுச்சோ, பேயி நேரா மூளைக்கு ஏறிரும்."

அந்த வாரம் வந்த எகிப்து டாக்டரிடம், ஹென்னா பரம சௌக்கியம் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தகடு வைத்த பிறகும் ஹென்னா திருந்தவில்லை. சாமி அசருகிற ஆளா? பேய் கட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் இறங்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு முன்னால் அதே டிரம்மை ஹென்னா ஏழு சுற்று வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், முழு வேகத்தில், சாட்டையை நிறுத்தாமல். பேய்க்குத் தலைசுற்றி விழுந்துவிடுமாம். மேலே உட்கார்ந்திருக்கும் பெண் விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் சொல்லிப் பார்த்தாள். "வாப்பா, ஷி இஸ் நாட் ஸ்கேர்ட். அவளுக்கு என்னமோ பண்ணுது. ஐ கேன் ஃபீல் இட்."

"சும்மா இரு ஆலியா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்றார் நெய்னா முகம்மது. கூட்டம் தலையாட்டியது.

வியாழக்கிழமை மாலை ஜஸ்டஸின் மனைவி சுகிர்தராணி டியூட்டி முடிந்து நேரே கிளப்புக்கு வந்தார். எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் நர்ஸ். நான் அக்கா என்று கூப்பிடுவேன். குதிரையைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நொண்டுகிறவர்களைப் பார்த்தே வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்குகிறவர். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆலியாவின் பிராக்டிஸைப் பார்த்துக்கொண்டே புருஷனிடம் கேட்டார்.

"இஞ்சேருங்க, அந்த மொத டிரம்முலதான் பேய் இருக்குன்னு சொல்லுதீங்களா?"

"மெதுவாப் பேசு. உள்ள தகடு வச்சிருக்கு."

"டெய்லி டிராக்டர் விட்டு மணல நெரவுவீங்கல்லா, அப்ப டிரம்ம என்ன செய்வீங்க?"

"கிளவுஸ மாட்டிக்கிட்டு மூணையும் உருட்டி ஓரமா விடுவோம். டிராக்டர் போனதும் திரும்பக் கொண்டு வைப்போம்."

"எத எங்க வைப்பீங்க?"

"எல்லாம் ஒரே வெள்ளப் பெயிண்டுதானே. கைக்குக் கெடைக்கத..." என்று ஆரம்பித்த ஜஸ்டஸ் அங்கேயே நின்றுவிட்டார். டீ கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

அக்கா நிதானமாக டீயைக் குடித்து முடித்தார், "நாளைக்கு எனக்கு ஆஃப். வாறேன்" என்று எழுந்தார்.

வெள்ளிக்கிழமை அப்படி ஒரு கூட்டம். தொழுகை முடிந்து வந்தவர்கள், ஜெபம் முடிந்து வந்தவர்கள், எதற்கும் போகாமல் தூங்கி எழுந்து வந்தவர்கள். ஆலியா ஹென்னா மேல் உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. வாப்பா அவள் கையில் சாட்டையைக் கொடுத்திருந்தார். சாமி எலுமிச்சம்பழத்தை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து அக்கா கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். பேய் எந்த டிரம்முல இருக்கு?"

"இதும்மா. தகடு வச்சுக் கட்டிருக்கேன்ல."

"தகடு இதுக்குள்ளதானே இருக்கு?"

"தொடாதீங்க. கை வெந்துரும்."

"வெந்தா மருந்து போட எனக்குத் தெரியும்" என்று அக்கா டிரம்மைச் சாய்த்து உருட்டினார். உள்ளே மணல்தான் இருந்தது. இரண்டாவதை உருட்டினார், ஒன்றும் இல்லை. மைதானத்தின் கோடியில் இருந்த மூன்றாவதைச் சாய்த்தபோது பிரவுன் டேப்போடு செப்புத் தகடு பல்லை இளித்தது. தினமும் ஹென்னா பம்பரமாகச் சுற்றி வந்த இடம் அது.

"தெனமும் டிரம்ம மாத்தி மாத்தி வைக்காங்க" என்றார் அக்கா. "பேய் குடியிருக்க வீட்டையே ஊர்வலம் விட்டிருக்கோம். இந்தக் குதிரை எந்த டிரம்முக்கும் பயப்படல."

சாமி கண்ணை மூடித் திறந்தார். "அதான் சொல்றேன், தாவிருச்சு. ஒரு டிரம்முலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிருச்சு." என்ன ஆச்சரியம், கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

"சரி, தாவட்டும்" என்றார் அக்கா. "ஆலியா மோளே, ஓட்டாத. மெதுவா நடத்தி வா. இப்ப மாத்திச் சுத்து. மொத டிரம்ம எடப்பக்கமா, மத்த ரெண்டையும் வலப்பக்கமா."

ஆலியா நடத்தினாள். இத்தனை நாள் பேய் பிடித்த இடத்தில் ஹென்னா சாதுவாக இடப்பக்கம் திரும்பியது. அடுத்த டிரம்மில் வலப்பக்கம் என்றதும் காதை மடக்கி விலகியது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"இப்ப ரெண்டு டிரம்முல பேய் இருக்கு" என்றார் கேம்ப் பஸ் டிரைவர் கௌஸ் முகம்மது. "ஒருவேளை குட்டி போட்டிருச்சோ?"

முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. சிரிக்க ஆரம்பித்த கூட்டத்தை எந்தச் சாமியாலும் நிறுத்த முடியாது.

அக்கா ஆலியாவை இறங்கச் சொன்னார். "டிரம்மே இல்லாத எடத்துக்குப் போவோம்" என்று குதிரையைக் கார் நிறுத்தும் சிமெண்ட் தரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜஸ்டஸ் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நேராக மெல்லோட்டம் ஓடினார், ஹென்னா கூடவே ஓடியது.

"தலைய மட்டும் பாருங்க" என்றார் அக்கா.

பார்த்தோம். முன் வலது கால் தரையில் படும்போதெல்லாம் ஹென்னா தலையை மேலே தூக்கியது, இடது கால் படும்போது கீழே இறக்கியது. தூக்குவதும் இறக்குவதுமாகப் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நாள் எங்கள் கண் முன்னால் ஓடிய குதிரைதான், டிரம்மைப் பார்த்த நேரத்தில் ஒருவரும் குதிரையைப் பார்க்கவில்லை.

"வலிக்க கால்ல பாரத்தக் கொறைக்கதுக்குத்தான் தலையத் தூக்குது. எங்க கிளினிக்குக்கு வாறவங்க கம்ப ஊணுவாங்க, இதுக்குக் கம்பு இல்ல. வலப்பக்கம் திரும்பினா பாரம் பூரா அந்தக் கால்லதான் விழும். அதான் திரும்ப மாட்டேங்குது." அக்கா நெய்னா முகம்மதுவின் கையைப் பிடித்து ஹென்னாவின் இடது கால் மேல் வைத்தார், பிறகு வலது கால் மேல்.

"சுடுது" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. "யா அல்லா, என் புள்ளைய இதுக்கு மேல ஏத்தி சாட்டையக் குடுத்தேனே."

ஆலியா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எகிப்து டாக்டரைக் கூப்பிட்டோம். கால் தசைநார் வீங்கியிருக்கிறது, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும், இன்று அந்தச் சுற்றுகளை ஓடியிருந்தால் தசைநார் அறுந்து குதிரையும் பெண்ணும் சேர்ந்து உருண்டிருப்பார்கள் என்று சொன்னார். ஆலியாவின் பெயரைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதற்குள் சாமி பேய் காலுக்கு இறங்கிவிட்டதாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காவித் துண்டை மடித்துக் கவராலுக்குள் வைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே பிக்கப்பை நோக்கி ஓட்டம் எடுத்தார். அக்கா உருட்டிவிட்ட டிரம் அங்கேதான் கிடந்தது. தடுக்கி விழுந்தார். பாக்கெட்டிலிருந்த போன் கார்டுகள் மணலில் சிதறின.

"ஐயோ, என் காலு. டாக்டரக் கூப்பிடுங்க."

"அவரு குதிரை டாக்டர், சாமி" என்றார் கௌஸ் முகம்மது.

"பரவால்லப்பா. எந்த டாக்டரா இருந்தாலும் பரவால்ல."

அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீங்கிய கணுக்காலைத் தடவிப் பார்த்தார். "ஊசி போடணும் போல இருக்கே. முனை பட்டா பேய் மூளைக்கு ஏறிருமே சாமி?"

"அதெல்லாம் ஏறாதும்மா" என்று முனகினார் பொன்னுச்சாமி. "சும்மா சொன்னது. மொதல்ல ஊசியப் போடுங்க."

"வேணும்னா சாமிய டிரம்மச் சுத்தி ஏழு சுத்து ஓட விட்டுப் பாப்பமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அக்கா முறைத்த முறைப்பில் அது அடங்கிவிட்டது. அவரே கட்டுப் போட்டுவிட்டார், ஜஸ்டஸே பிக்கப்பில் தூக்கி ஏற்றினார்.

கூட்டம் கலையும்போது ஒருவர் என் கடைக்கு வந்தார். வேறொரு கேம்பில் தண்ணீர்த் தொட்டி தானாக அழுகிறதாம், வருகிற வியாழன் போகிறார்களாம், நானும் வருகிறேனா என்று கேட்டார். வால்வு ஒழுகுகிறதா என்று பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை என்றார்.

ஹென்னா தலையை ஆட்டியதற்குக் காரணம் இருந்தது, அதற்குக் கால் வலித்தது. பொன்னுச்சாமி வாயைத் திறந்தபோதெல்லாம் நாமும்தான் ஆட்டினோம். நமக்கு எந்தக் கால் வலித்தது?