அந்த ‘ர்’ எங்கே, அத்தான்?

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இதுவரை வாய் மூடி இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என் ரத்த அழுத்தம் தவிர மற்றதெல்லாம் நலம். அதற்கும் காரணம் நீங்கள்தான்.

பல்கலைக்கழகத்தில் நீங்கள் வாராவாரம் நிகழ்த்தும் ‘தேர்தலும் நாகரிகமும்’ உரைகளுக்கு நான் எனக்காக வரவில்லை. முன்வரிசை காலியாக இருந்தால் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது என்று அக்கா சொன்னதால் வந்தேன். அங்கேயே நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு, நீங்கள் மேற்கோள் காட்டும் புத்தகங்களில் பாதியை இன்னும் திருப்பித் தரவில்லை என்பது தெரியும். சொன்னேனா? விரிவுரையாளர் வேலைக்கு நான் மூன்று முறை விண்ணப்பித்தபோது, ஒருமுறை தேர்வுக் குழுவில் நீங்களே இருந்தீர்கள். அதையும் கேட்கவில்லை. முதல் உரைக்குக் கைதட்டினேன். இரண்டாம் உரையில், மொட்டைக் கடிதம்தான் அநாகரிகத்தின் அடிமட்டம், நாகரிகமுள்ளவர் அதைப் படிக்காமலே கிழித்துவிடுவார் என்றீர்கள். தலையாட்டினேன். மூன்றாம் உரையில்தான் வந்தது வினை.

“என் மனைவியின் தம்பி ஒருவர்” என்று ஆரம்பித்தீர்கள். ஒருவராம். அக்காவுக்கு இருப்பதே ஒரு தம்பி. அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்குப் பல் டாக்டரை எதிர்த்து நிற்கிறார், லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார், ‘இன்று பல்லைப் பிடுங்குகிறவன் நாளை சங்கத்தையே பிடுங்குவான்’ என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, அரங்கம் சிரித்து முடிக்கும்வரை நிதானமாகத் தண்ணீர் குடித்தீர்கள்.

அத்தான், நான் எழுதியது ‘பிடுங்குகிறவர்’, ‘பிடுங்குவார்’. எதிராளியைத் திட்டினாலும் மரியாதையாகத் திட்டுகிறவன் நான். நான் வைத்த இரண்டு ‘ர்’களையும் நீங்கள் ‘ன்’ ஆக்கிவிட்டீர்கள், அதுவும் நாகரிகத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில்.

மூன்றாவது வரிசையில் பல் டாக்டர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, “எதிர் வேட்பாளர் அவர்கள் முதல்ல ஏறட்டும்” என்றார். உள்ளே நாலு பேர். நாலும் ஓட்டு. கையோடு என் நோட்டீஸை மடித்துக் கொடுத்து, “கீழே விழுந்து கிடந்தது சார், மிதிபடக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன்” என்றார். மாடிவீட்டு அம்மா, “டாக்டர் எவ்வளவு தன்மையானவர், நீங்க ஏன் சார் இப்படி?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், “நானே அவருக்குத்தான் போடலாம்னு இருக்கேன், என் கடைவாய்ப் பல்லு அவர் கையில இருக்கு” என்கிறாள். அக்காவுக்கு போன் போட்டேன். “உன் பேரையா சொன்னார்? ஊர்ல எத்தனையோ பேருக்குத் தம்பி இருக்கான், போடா” என்று வைத்துவிட்டாள். ஒன்பது வருஷமா மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைக் கழுவறப்ப பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டது யாரு? டாக்டரா? வாழ்க்கையில நானா ஆசைப்பட்டதுல மிச்சம் இருக்கிற பதவி இது ஒண்ணுதான் அத்தான், அதையும் ஒரு எழுத்துல கவுத்துட்டீங்க.

சனிக்கிழமை உங்கள் கடைசி உரை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓட்டுப்பதிவு. நான் கேட்பது ஒரே வரி: “அன்று நான் தவறாகச் சொன்னேன், அது ‘ர்’தான்.” உங்களைப் போன்ற படித்தவருக்கு இது பெரிய காரியமில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் தொண்டை சீராக இருக்கட்டும்.

பி.கு.: அத்தாட்சியாக இருக்கட்டுமே என்று, பிரிக்காமல் இழுப்பறையில் போட்டிருந்த அந்த நோட்டீஸை இப்போதுதான் எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்துதான். இரண்டு இடத்திலும் ‘ன்’தான் இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது, ஒன்றுக்கு அடிக்கோடு வேறு. ஆனாலும் இவ்வளவையும் எழுதிவிட்டுக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையை உங்களுக்கே விடுகிறேன்: கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கப் போகிறேன். உங்கள் நாகரிகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.