கைதாக டவர் கிடைக்கவில்லை

"ரூமை விட்டு வெளியே வரக்கூடாது. கதவைச் சாத்திட்டு, போனை எதிர்ல வெச்சு, வீடியோவில என் கண்ணு முன்னாடியே உட்காரணும்" என்றார் டெல்லி அதிகாரி.

"உட்காரலாம்ங்க ஐயா. ஆனா ரூமுக்குள்ள போனா டவர் போயிடும்ங்களே" என்றார் பஞ்சநதம்.

அவர் நின்றுகொண்டிருந்தது வயலோரத்து மோட்டார் கொட்டகை வாசலில். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் போன் பேச வேண்டுமென்றால் அதுதான் இடம். வீட்டுக்குள் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. தெருவில் பாதிப் பேச்சு கேட்கும். கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டால் எதிராளி மூச்சு விடுவதுகூடக் கேட்கும். இப்போது அதிகாரி பெருமூச்சு விட்டது நன்றாகவே கேட்டது.

விஷயம் இதுதான். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று பார்க்கக் காலையில் கிளம்பிய பஞ்சநதத்துக்கு ஒரு போன் வந்தது. அவர் பேரில், அவருடைய ஆதார் நம்பரில், வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறதாம். அதில் இருக்கக்கூடாத பொருள் இருந்ததாம்.

பஞ்சநதம் இல்லையென்று சொல்லவில்லை. ஏனென்றால் அவர் அனுப்பியிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பிரபு ஆசைப்பட்டுக் கேட்டான் என்று, போன மாதம்தான் ஊர்க்காரர் ஒருவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

"கருவாடுங்களா ஐயா?" என்று கேட்டார்.

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கருவாடும் இருந்தது" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான், பஞ்சநதம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். இனி வீடியோ காலில் முகத்தைக் காட்டி, அதிகாரியின் காவலிலேயே விசாரணை முடியும்வரை இருக்க வேண்டியது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. விட்டால் அவர்களும் உடந்தை.

பஞ்சநதம் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். போன்தான் தயாராக இல்லை. அதிகாரி வீடியோ கால் போடுவார். திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி, நின்றுவிடும்.

"மேலே ஓரத்தில என்ன எழுத்து தெரியுது, பாருங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஈ-ங்க."

"ஃபோர்-ஜின்னு இல்லையா? ஃபைவ்-ஜி?"

"ஈ ஒண்ணுதாங்க உக்காந்திருக்கு."

"சரி, பயப்படாதீங்க. மேலேயிருந்து விரலால இழுங்க. விமானம் படம் இருக்கும். அதை அழுத்துங்க, அப்புறம்..."

பஞ்சநதம் அழுத்தினார். பேச்சு அறுந்தது. அப்புறம் என்ன என்பதை அதிகாரி கூப்பிட்டுச் சொல்வார் என்று போனை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். போன் வரவில்லை. வெயில் ஏறியது. நீர் வடிந்த வயலில் கொக்குகள் இறங்கி மேய்ந்துவிட்டு எழுந்து போயின. விமானம் ஏறினால் போன் வராது என்பது அவருக்கு நெடுநேரம் கழித்துத்தான் விளங்கியது. மறுபடி அழுத்தினார். உடனே மணி அடித்தது.

"தப்பிச்சுப் போகப் பாக்கறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க ஐயா. விமானத்துல இருந்துட்டேன்."

அதிகாரியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. இரண்டு பேரும் இந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். "நெட்வொர்க்" என்ற சொல் மட்டும் பஞ்சநதத்துக்குப் புரிந்தது. தன் ஒருவனுக்காக டெல்லியில் இரண்டு பெரிய மனிதர்கள் வேலையை விட்டுவிட்டு இப்படி மெனக்கெடுகிறார்களே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. இந்த ஊரில் மின்கம்பம் சாய்ந்தால்கூட வந்து பார்க்க ஆளில்லை.

"செட்டிங்ஸ் போங்க. சிம் கார்டுன்னு இருக்கா? அதுக்குள்ள எல்-டி-இ ஒன்லின்னு இருக்கும், ஃபோர்-ஜி மட்டும்னு அர்த்தம். அதை வைங்க. வீடியோ வந்துடும்."

எழுத்துக் கூட்டித் தேடி, கண்டுபிடித்து, அழுத்தினார். உட்கார்ந்திருந்த ஈயும் பறந்துவிட்டது. மேலே ஒரு கோடுகூட இல்லை. இப்போது வீடியோவும் இல்லை, பேச்சும் இல்லை.

பஞ்சநதம் கொட்டகைக் கூரையில் ஏறினார். உயரத்துக்குப் போனால் டவர் எட்டும் என்று நினைப்பு. அங்கே நின்று நாலு திசைக்கும் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, தூக்குவாளியோடு அவர் மனைவி தங்கமணி வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, மேல நின்னு என்ன பண்றீங்க?"

"புகையான் பூச்சி விழுந்திருக்கான்னு பாக்குறேன்."

தங்கமணி பயிரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "புகையான் தூர்லல்ல இருக்கும்? குனிஞ்சுல்ல பாக்கணும்?"

"மொத்தமா ஒரு பார்வை பாத்துட்டு அப்புறம் குனியலாம்னு இருக்கேன்."

"எறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் பாருங்க. அறுக்கப்போற பயிருல புகையானைப் பாத்து என்ன செய்யப்போறீங்க?" சொல்லிவிட்டுத் தூக்குவாளியை நிழலில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவளிடம் பொய் சொன்னது பஞ்சநதத்துக்கு வருத்தமாக இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளிடம் மறைத்தது சர்க்கரை போட்ட டீயை மட்டும்தான். அவசரமாக இறங்கி, போனைப் பழையபடி மாற்றலாம் என்று கண்ட இடத்தையெல்லாம் அழுத்தினார். எதை அழுத்தினாரோ, திரையிலிருந்த எழுத்தெல்லாம் இந்திக்கு மாறிவிட்டது.

டெல்லி போனையே கைப்பற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்.

வண்டியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலத்துக்கு விரட்டினார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அது எப்போது திறந்திருக்கிறது? ஒரு என்ஜின் இந்தப் பக்கம் போனது. பிறகு அதே என்ஜின் அந்தப் பக்கம் வந்தது. வழக்கமாக வண்டியை அணைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து ரயில்வேயைத் திட்டுபவர், அன்று வாயைத் திறக்கவில்லை. சிறையில் கதவு இப்படித்தான் சாத்தியிருக்கும், பழகிக்கொள்வோம் என்று நின்றார்.

அப்துல் ஜலீல் கடைத்தெருவில் போன் கடை வைத்திருப்பவர். பஞ்சநதம் நீட்டிய போனைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னண்ணே, திடீர்னு இந்தி படிக்க ஆரம்பிச்சிட்டீங்க?"

"முதல்ல அதைத் தமிழாக்குங்க பாய். அப்புறம் இதுல ஃபோர்-ஜி வரணும். ரொம்ப அவசரம்."

ஜலீல் தமிழைக் கொண்டுவந்தார். பழைய செட்டிங்கை வைத்தார். ஈயும் வந்து உட்கார்ந்தது. அது வந்த கையோடு மணி அடித்தது. பஞ்சநதம் போனைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினார்.

"ஐயா, எங்கேங்க போனீங்க?" அதிகாரியின் குரல் தேய்ந்திருந்தது. காலையில் இருந்த அதட்டல் இல்லை.

"உங்களுக்காகத்தாங்க கடைக்கு வந்திருக்கேன். ரிப்பேர் நடக்குது."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"மூச்சு விடலைங்க."

"நல்லது. சாயங்காலத்துக்குள்ள தனியா ரூம்ல உட்கார்ந்து முகம் காட்டணும். காட்டலைன்னா உங்க ஊரு போலீஸ் ஜீப் வீட்டு வாசல்லயே வந்து நிக்கும். அப்புறம் என் கையில எதுவும் இல்லை." சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "தயவு செஞ்சு சீக்கிரம் சரி பண்ணுங்க, ஐயா" என்றார்.

உள்ளே வந்தால் ஜலீல் கையை நீட்டினார். போனைத் திறந்து சிம்மை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரமெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. பட்டன் போன் காலத்துச் சிம், கத்தரிக்கோலால் நறுக்கி உள்ளே திணித்தது.

"போன்மேல குத்தமில்லண்ணே. தம்பி பிரபு நல்ல போனாத்தான் வாங்கிக் கொடுத்திருக்கு. இந்தச் சிம்முலதான் ஃபோர்-ஜியே கிடையாது. மாத்திட்டா வீடியோ சும்மா கண்ணாடி மாதிரி வரும்."

"மாத்திடுங்க."

விரல் ரேகை வைத்தார். முதல் தடவை விழவில்லை. சேற்றிலும் மண்வெட்டியிலும் தேய்ந்த விரல். துடைத்துத் துடைத்து வைத்ததில் கடைசியாக விழுந்தது. ஜலீல் பழைய சிம்மை உடைத்துக் குப்பைக்கூடையில் போட்டார். புதியதை மாட்டினார். போன் செத்த மீன்போலக் கிடந்தது.

"எப்ப உசுரு வரும்?"

"ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடும்" என்ற ஜலீல், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சர்வர் படுத்திருக்குண்ணே. நாளைக்குக் காலையிலதான் வரும். ஒரு நாள்தானே, நிம்மதியா இருங்க."

பஞ்சநதம் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாளைக் காலை என்றால் இன்று சாயங்காலம் ஜீப் வந்துவிடும். தெருவே கூடி நிற்கும். தங்கமணி அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள். காலையில் கூரைமேல் நின்றதற்கு அப்போதுதான் அவளுக்கு அர்த்தம் தெரியும். அறுப்பு மெஷினுக்குச் சொல்லியிருக்கிறது. பக்கத்து வயல்காரர் செழியனிடம் அறுக்க வேண்டிய வயலின் வரப்பைக் காட்டிவிட்டாவது வந்திருக்கலாம். ஒரு டீ வாங்கிக் குடித்தார். கைதாகப் போகிறவனுக்கு என்ன சர்க்கரை வியாதி என்று சர்க்கரை தூக்கலாகவே போடச் சொன்னார். குடித்து முடித்தபோது ஒரு தெளிவு வந்தது. ஜீப் வந்தால்தானே அவமானம்? நாமே போய்விட்டால்?

போலீஸ் ஸ்டேஷனுக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனார். சுவரோரம் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரியவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு இளைஞன். மூன்று பேர் மடியிலும் பேங்க் பாஸ்புக், அதன்மேல் பளபளவென்று அகலமான போன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். அவர்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது. தன் செத்த போனை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றார்.

ஏட்டம்மா குந்தவை நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஐயா, சொல்லுங்க."

"ஜீப்பு அனுப்ப வேண்டாம்மா. நானே வந்துட்டேன்."

"எந்த ஜீப்பு?"

"என்னைப் பிடிக்க வர்ற ஜீப்பு." கையைக் கட்டிக்கொண்டார். "டெல்லியில காலையிலேருந்து என்னைக் கைது பண்ணப் பாக்குறாங்கம்மா. வீடியோவுலதான் பண்ணணுமாம். என் போன்ல வீடியோ வரமாட்டேங்குது. நானும் கூரைமேல ஏறிப் பாத்தேன், சிம்மு மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகலை. அவங்களையும் அலையவிடக்கூடாது பாருங்க. நீங்களே நேர்ல கைது பண்ணிட்டு, பண்ணியாச்சுன்னு அவங்களுக்கு ஒரு தகவல் சொல்லிட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

குந்தவை பேனாவைக் கீழே வைத்தார். "என்ன குத்தம் பண்ணினீங்க?"

"கருவாடு."

"கருவாடா?"

"மகனுக்கு. நெத்திலி."

குந்தவை உதட்டைக் கடித்துக்கொண்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முகத்தைக் காட்டினாரா? இல்லை, வட்டம்தான் சுற்றியது. பேங்க் விவரம் ஏதாவது சொன்னாரா? வீடியோவில் வந்தபிறகுதான் அதெல்லாம் என்றார்கள். ஏதாவது எண் வந்து, அதைப் படித்துக் காட்டினாரா? அதற்குள் விமானத்தில் ஏறிவிட்டார்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. எந்த ஊரு போலீஸும் யாரையும் வீடியோவுல கைது பண்ணமாட்டாங்க. பேசினவங்க அதிகாரியும் இல்ல, அது டெல்லியாங்கறதும் சந்தேகம். பயமுறுத்தி உங்க கணக்கைத் துடைக்கப் பாத்திருக்காங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணலை. கருவாடு அனுப்பினது குத்தம்னா இந்த மாவட்டத்துல வெளியில யாரும் நடமாட முடியாது."

பஞ்சநதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நான் வீட்டுக்குப் போவலாமாம்மா?" என்றார்.

"தாராளமா."

யாரோ நெஞ்சின் மேலிருந்து நெல் மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. குந்தவை நீட்டிய தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். முதலில் தங்கமணியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் நன்றாகத் திட்டுவாள். திட்டட்டும். அறுப்பு மெஷின் பக்கத்தில் நாளைக்குத் தானே நிற்கலாம். எழுந்து கும்பிட்டவர், வேட்டி மடிப்பிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். சந்தோஷத்திலும் ஒரு சின்னக் குறை மிச்சம் இருந்தது.

"ஆனாலும் இந்தப் போன் மானத்தை வாங்கிட்டும்மா. காலையிலேருந்து ஒரு ஃபோர்-ஜிக்கு நாயா அலைஞ்சேன், கடைசிவரைக்கும் கெடைக்கவே இல்லை."

குந்தவை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த பெஞ்சுல உக்காந்திருக்காங்களே ஐயா, அவங்க மூணு பேருக்கும் ஃபைவ்-ஜியே கெடைச்சுதுங்க."