அட்மின் டோக்கன் வரவில்லை

சர்க்கரை நோயைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த ஒருவன், தன் சர்க்கரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்தப் புத்திசாலி நான்தான்.

பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. தினமும் தங்க வயலிலிருந்து ரயிலில் போய் வருவேன். அடுத்தவர் விரலில் குத்திக் குத்தியே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு (மீதிப் பாதி தானாக வந்துவிடும் என்று நம்பிக்கை வேறு). அந்தத் தைரியத்தில், எங்கள் பகுதியான ஆண்டர்சன்பேட்டையில் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பாடம் போடுவேன். பாதத்தை எப்படிக் கவனிப்பது, மாத்திரையை ஏன் விடக்கூடாது, இப்படி.

குரூப்பில் பாதிப் பேர் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். என் பாடத்துக்குக் கீழே அவர்கள் 'டோக்கன்' என்று மட்டும் எழுதுவார்கள். சுரங்கத்தில் ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. மேலே வந்ததும் அதைப் பலகையில் மாட்டவேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடுதல்தான். இங்கே மாத்திரை போட்டு, பாதம் பார்த்தாயிற்று என்பதற்கு அதுவே அடையாளமாம். என் அழகான பாடங்கள் டோக்கன்களுக்கு அடியில் புதைந்துபோகும். தேவையில்லாததைப் போடவேண்டாம் என்று கண்டித்தேன். பெருமாள் அண்ணன் குரல்செய்தி அனுப்பினார். சுரங்கம் மூடும்வரை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவர்.

"நீங்க பாட்டுக்கு பாடம் போடுங்க சார். நாங்க ஒரு ஓரமா டோக்கன் போட்டுக்கினு இருக்கறோம்."

என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை சார் என்கிறாரே என்று அன்றைக்கு வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேஸ்புக்கில் லைவ். என் மனைவி கலா போனைப் பிடித்தாள். "ஆரோக்கியமான ஒருவருக்கு எவ்வளவு இருக்கும் என்று என் விரலிலேயே காட்டுகிறேன்" என்று கம்பீரமாகக் குத்திக்கொண்டேன். மெஷின் 340 காட்டியது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன். உடனே எலிசபெத் அக்கா எழுதினார். பெங்களூரில் தையல் வேலைக்கு என் ரயிலிலேயே வருபவர், குரூப்பில் மூத்த மாணவி. "கை கழுவுனீங்களா சார்? இனிப்பு பட்டா தப்பா காட்டும்னு நீங்கதான சொன்னீங்க."

சற்றுமுன்தான் மாம்பழம் தின்றிருந்தேன். நிம்மதியாகக் கை கழுவி, துடைத்து, இன்னொரு விரலில் குத்தினேன். 312.

போனுக்குப் பின்னாலிருந்து கலா சொன்னாள். "இருபத்தெட்டு மாம்பழத்தோடது. மீதி உங்களோடது."

அவசரமாக லைவை அணைத்தேன். என் அப்பாவுக்கு இதே சர்க்கரையில் ஒரு கால் போயிற்று. குரூப் தொடங்கியதும் அதனால்தான், சோதித்துப் பார்க்காமல் இருந்ததும் அதனால்தான். "கலா, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு பயமா கீது. மூணு மாசம் போவட்டும், அப்பறம் டாக்டர பாத்துக்கலாம்" என்றேன்.

திரையில் ஒரு வரி வந்தது. "சார், லைவ் ஓடிக்கினு கீது."

மறுநாள் போனை அணைத்து வைத்தேன். பாடமும் போடவில்லை. ரயிலில் மூலை இருக்கையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். பங்காரப்பேட்டை வருவதற்குள் யாரோ துண்டை உருவினார்கள். எலிசபெத் அக்கா. பெட்டி பெட்டியாகத் தேடி வந்திருக்கிறார். (என் பாதப் பராமரிப்பு வீடியோவில் நான் போட்டிருந்த செருப்பை வைத்து என்னைக் கண்டுபிடித்தாராம்.)

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவில் என் வீட்டு வாசல். முப்பது பேராவது இருப்பார்கள். ஊன்றுகோலோடு சிலர், பாதத்தில் கட்டோடு ஒருவர், நடுவில் கலா. பெருமாள் அண்ணன் பேசினார்.

"ஆறு மணிக்கு உங்க பாடம் வரல சார். இத்தினி நாளா அதுதான் உங்க டோக்கன்னு வச்சிக்கினு இருந்தோம். ஒரு ஆளு மேல வராம நாங்க எப்படி ஊட்டுக்கு போறது?"

இவர்களுக்கா பாடம் எடுத்தேன் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆள் குறைந்தால் தேடவேண்டும் என்பதை எந்தப் பாடத்திலும் நான் எழுதியதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எறங்குங்க" என்றார் அக்கா. "தள்ளிப்போடாதீங்கன்னு போன வாரம் எழுதுனது யாரு?"

தன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அவரும் இறங்கினார். அன்றே டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை தொடங்கியாயிற்று, பாதமும் பார்த்தாயிற்று. வெளியே வந்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக 'டோக்கன்' என்று தட்டினேன். உடனே பெருமாள் அண்ணனின் குரல் வந்தது. "அட்மின் மேல வந்துட்டாரு. ஷிஃப்ட் முடிஞ்சுது, எல்லாரும் ஊட்டுக்கு போங்க." அதுவரை என் வாசலைவிட்டு ஒருவரும் நகரவில்லை என்று கலா பிறகு சொன்னாள்.

இப்போதெல்லாம் முதலில் டோக்கன், அப்புறம்தான் பாடம். ஆனால் வீட்டில் பால் பொங்கினாலும் சரி, நான் ரயிலைத் தவறவிட்டாலும் சரி, ஏதாவது சாக்குச் சொல்ல வாயைத் திறந்தால் போதும். கலா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாள். "இருபத்தெட்டு மாம்பழத்தோடது. மீதி உங்களோடது."