நான் கவிழ்த்த கெர்னலும் தேசிங்கின் பெயரும்

தேசிங்கு என்ற எலக்ட்ரீஷியன் மேல் நான் பொய்ப் பழி போட்டேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தே நிமிடத்தில் நான் நாசமாக்கிய கம்ப்யூட்டரை அவர் போட்ட வயரிங்தான் நாசமாக்கியது என்று தெருவே நம்பியது. நம்ப வைத்தவன் நான். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. அறியாத வயசு என்று தப்பிக்கவும் வழியில்லை.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் பார்த்து, மேனேஜராக ஓய்வு பெற்றுக் கடம்பத்தூரில் இருக்கிறேன். என் மகள் பூங்கோதை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கெர்னலைக் கவிழ்ப்பதுதான் அவள் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள். தலைகால் புரியாத கட்டளைகளை ஒரு புரோகிராம் அதற்கு ஓயாமல் அனுப்பும். எதிலாவது தடுக்கி விழுந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஃபஸ்ஸிங் என்று பெயர். (ஜெனரல் மேனேஜரின் மீட்டிங்குகளில் உட்கார்ந்து எழுந்த எனக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல.)

இப்படி விழுவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குவார்கள். அது விர்ச்சுவல் மெஷின். அடி அதற்கு, வெளியே இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

"இவ்வளவுதானா?" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன். பூங்கோதை தன் பழைய கம்ப்யூட்டரையும் செய்முறை எழுதிய ஒரு தாளையும் கொடுத்துவிட்டு, ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "உள்ள இருக்கிற மெஷின்லதான் ஓட்டணும் நைனா. வெளியில ஓட்டிடாத."

காலையில் கெர்னலைத் தொகுக்க, அதாவது எழுதிய வரிகளை ஓடும் மென்பொருளாக மாற்ற, ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு ஆகியும் அது முடியவில்லை. பிறகு டிஸ்க்காக வேலை செய்ய ஒரு கோப்பைத் தயாரித்து, உள் மெஷினைக் கிளப்பினேன். கிளம்பியது. ஆனால் என்னை உள்ளே விடவில்லை. பதினான்கு முறை கதவைத் தட்டினேன். பதினான்கு முறையும் இணைப்பு மறுக்கப்பட்டது என்று மரியாதையாகச் சொன்னது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பது டன் மோட்டாரை அடக்கிய கை இது. இல்லாத மெஷின் ஒன்று என்னை வாசலில் நிறுத்துவதா? நிஜ மெஷின் எதிரிலேயே இருக்கும்போது எனக்கெதற்குப் பொம்மை மெஷின்?

கவிழ்க்கும் புரோகிராமை முழு அதிகாரத்தோடு வெளியிலேயே ஓட்டினேன். பத்து நிமிடம் எழுத்துகள் மழைபோல் ஓடின. பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை உறைந்தது. அணைத்துப் போட்டால், கிளம்புவதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர். பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன.

திரும்பி வந்த மகள் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "வோல்டேஜ் எகிறிடுச்சும்மா. பிளக் பாயின்ட் சரியில்ல போல." அந்த பிளக் பாயின்ட்டைப் போன மாதம்தான் தேசிங்கு போட்டிருந்தார். மெயின்டனன்ஸ் மேனேஜர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு வாரத்தில் தெருமுனைவரை போய்விட்டது. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த வரதப்பன், தேசிங்குக்குப் பேசி வைத்திருந்த வயரிங் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். தேசிங்கு எங்கள் வாசலுக்கு வந்து, எர்த்தை நான்கு தடவை பார்த்துத்தான் போட்டேன் என்றார். நான் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. (இட்லி இறங்கியது.) நான்காம் நாள் மகளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "போட்டோ போனா போவுது. தேசிங்கு அண்ணனுக்கு இன்னா பதில் சொல்லப் போற?" என்றாள்.

நேரே வரதப்பனிடம் போய், கெர்னல், ஃபஸ்ஸிங், உள் மெஷின், வெளி மெஷின் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ஆள காப்பாத்த இவ்ளோ பெரிய பழிய தலைமேல போட்டுக்கினு வந்து நிக்கிறீங்களே. இந்த மனசு யாருக்கு சார் வரும்?"

பொய் சொன்னபோது மேனேஜராக இருந்த நான், உண்மையைச் சொன்னதும் மகானாகிவிட்டேன். தேசிங்கு மட்டும் அப்படியே குற்றவாளியாக இருந்தார்.

செய்து காட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரதப்பனையும் தேசிங்கையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். சொந்தமாக நான் வைத்திருந்த மடிக்கணினியில் மகள் உள் மெஷினைத் தயார் செய்தாள். அது அழகாகக் கவிழ்ந்தது. "கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது?" என்றார் வரதப்பன். பிறகு வெளியிலேயே ஓட்டினேன். அன்றைக்குப் பழைய கம்ப்யூட்டர் பத்தாவது நிமிடத்தில் செத்தது; இதுவோ சாகமாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டு முறை டீ வந்தது. வரதப்பனின் முகத்தில் என்மேல் பக்தி ஏறிக்கொண்டே போனது. தேசிங்கு வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை பிளக் பாயின்ட்டில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது டீக்கு மனைவி மறுத்த சமயத்தில் திரை உறைந்தது. மீட்டர் எகிறாமல் இருநூற்று முப்பது வோல்ட்டிலேயே நின்றது. மடிக்கணினியில் நான் எழுதி வைத்திருந்த மோட்டார் பராமரிப்புப் புத்தகம், நூற்றெழுபது பக்கம், அத்தோடு சரி.

வரதப்பன் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் தேசிங்கிடம் கேட்டார்: "அப்போ சார் பொய்யா சொன்னாரு?"

"ஆமா. பொய்தான் சொன்னாரு" என்றார் தேசிங்கு. குரலை உயர்த்தக்கூட இல்லை.

கீழ்த்தளத்து வயரிங் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. மாடியைத் தேசிங்குக்குக் கொடுத்தார் வரதப்பன். கீழ்த்தளம் போனது போனதுதான். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது தேசிங்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. "நான் கூலிக்காரன் சார். எனக்கு இருக்கிறது பேரு ஒண்ணுதான்" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டு வேலைக்கு அவர்தான் வருகிறார். ஆனால் வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் வேறு யாரிடமும் அவர் நோட்டை நீட்டுவதில்லை. நோட்டு வெளியே வந்ததும் என் மனைவி கண்ணாடியைத் தேடிக் கொடுப்பாள். மகள் சிரிப்பை அடக்க அடுக்களைக்குப் போய்விடுவாள். பேத்தி பேனாவோடு தயாராக நிற்பாள். போன வாரம் ஹாலில் டியூப்லைட் மாற்றினார். கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மறுபடி என்னிடமே நீட்டினார்.

"தேதி போடல சார்."