காய்ச்சல்காரர் பார்த்துக் கொடுத்த சூடு

பாறையில் கிணறு வெட்டினேன். பேங்க் கைவிரித்த பிறகும் கோழிக் கொட்டகை கட்டினேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான், செத்துப்போன ஃபிரிட்ஜை முட்டை பொரிக்கும் பெட்டியாக மாற்றினேன். நல்லம்பள்ளிப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் கடத்தூர் காய்ச்சல்காரரைப் போல இன்னொரு ஆளைச் செய்ய என்னாலும் முடியாது, படைத்தவனாலும் முடியாது.

எலக்ட்ரிக் கடைக்காரர் அவர். சட்டைப் பையில் எப்போதும் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர். டீயில் விடுவார், பஸ் சீட்டில் வைப்பார்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஒரு துக்க வீட்டில் பிணத்தின் கக்கத்திலேயே செருகிப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடு எறங்கலீங்க. மனுசன் முழுசா கெளம்பட்டும், அவசரப்படுத்தாதீங்க" என்றார். பாடை கட்டியவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டுக்கே போய்விட்டார்கள்.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் நாய்கள். பல வருஷம் பொறுக்கிச் சேர்த்த என் பெருவிடை நாட்டுக்கோழிகளை ஒரே நாளில் கடித்துப் போட்டுவிட்டன. மிஞ்சியது ஒரு கூடை முட்டை. அது பொரிக்காவிட்டால் அந்த வம்சமே இல்லை. என் பெட்டியோ அதற்கு முன்பே இரண்டு முறை முட்டைகளைக் கொன்றிருந்தது. 37.5 என்று சரியாகக் காட்டிக்கொண்டே கொன்றது.

"பக்கத்து வூட்டுல அடைக்கோழி கேக்கட்டுங்களா?" என்றாள் என் மனைவி.

"நான் கட்டுன பொட்டி இருக்கறப்ப எரவல் கோழியா?" என்றேன்.

காய்ச்சல்காரர் கடைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. பெட்டியின் கதையைச் சொன்னதும், என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். "பயந்து போயிருக்கீங்க. கை சில்லுனு இருக்குது. சென்சார எங்க தொங்க வுட்டீங்க?"

"பல்பு பக்கத்துல."

"அப்ப அது பல்போட காய்ச்சலச் சொல்லியிருக்குது. முட்டையோட காய்ச்சல யாருங்க சொல்றது? முட்டை மட்டத்துல கட்டுங்க."

கடையிலிருந்த, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுகளின் சென்சார்களை எல்லாம் ஒரே டம்ளர் வெந்நீரில் விட்டார். நடுவில் அவருடைய கண்ணாடித் தெர்மாமீட்டர். ஒரே தண்ணீர்; ஆளுக்கொரு எண் சொன்னது. இருட்டில் டக், டக் என்று ஒவ்வொன்றின் சுவிட்சும் நாக்குத் தட்டியது.

நீல விளக்கு எரிந்த அழகான ஒன்றைக் காட்டினேன்.

"அது நேரத்துக்கு ஒண்ணு பேசுதுங்க. இந்தக் கீறல் வுழுந்தத எடுங்க. எப்பவும் அர டிகிரி கூடத்தான் சொல்லுது. ஒரே தப்பையே பண்றவன நம்பலாம். முப்பத்தெட்டுல வையுங்க."

அப்படியே வைத்தேன். பொரிக்கும் நாள் நெருங்கியபோது வந்தார். ஜன்னலைச் சாக்கால் மூடிவிட்டு, செல்போன் டார்ச்சில் முட்டையைக் காட்டினேன். சிவந்த ஓட்டுக்குள் கறுப்பாக ஏதோ திரும்பியது. அவர் அதை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"உள்ளேருந்து என்னப் பாக்குதுங்க" என்றார்.

மறுநாளே அவர் போய்விட்டார். கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கடத்தூருக்கு ஓடினேன். பாடை தயாராக இருந்தது. அவர் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து அவர் கக்கத்திலேயே வைத்தேன். "இன்னும் எறங்கல. அவசரப்படுத்தாதீங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாதரசம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது, என் மனைவி.

"ஏனுங்க, ஓடு உடையுது. எல்லாம் ஒண்ணா கத்துதுங்க."

அந்த நொடி பாதரசம் ஒரு மயிரிழை ஏறியது. என் கைச்சூடாக இருக்கும். இருந்தாலும் பாடையைத் தூக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று அந்த வம்சத்தைக் காய்ச்சல்காரர் கோழி என்கிறார்கள். அவர் பெயர் முன்னால் இருக்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் பெட்டி நான் கட்டியது. என் பெயரையும் அவர் பக்கத்திலேயே சேர்த்துச் சொல்லுங்கள்.